மனோசிலை, இருநூற்றைம்பது கிராம்

பதிவேட்டில் சிவப்பு.
குப்பியில் மஞ்சள்.
இடையில் சொரிமுத்து.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் பின்னால்
மருந்துச் சரக்குக் கிடங்கு,
மூன்றாவது தட்டு, ஜன்னலோரம்.
மதுரையிலிருந்து வந்த தணிக்கையாளர்
மூடியைத் திறக்காமலே சொல்லிவிட்டார்:
இது தாளகம்.
விலை கூடியதை விற்றுவிட்டு
விலை குறைந்ததை நிரப்பியிருக்கிறாய்.

"நான் தொட்டதே இல்ல மேடம்.
அந்தச் சவத்த எவன் தொடுவான்,
எலிகூட அந்தப் பக்கம் போகாது, பாத்துக்கிடுங்க."
ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம்.
மெமோவை மடித்து மடித்துப்
பேருந்துச் சீட்டு அளவுக்கு ஆக்கியிருந்தார்.

ஐந்து கிராம், உறையிலிட்டு, அரக்கு வைத்து
என் மேசைக்கு வந்தது.

பாடாணம் என்றதும் பின்வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்:
உள்ளே இருப்பது ஒரு கூடு.
நான்கு ஆர்சனிக், நான்கு கந்தகம்.
மேலே இரண்டு ஆர்சனிக் கைகோத்து,
கீழே இரண்டு கைகோத்து,
நடுவில் சதுரமாய் கந்தகம்.
இருட்டில் அது அப்படியே கிடக்கும்,
மலைக்குள் கிடந்ததுபோல.

வெளிச்சம் பட்டால்
எங்கோ ஒரு கை நழுவும்.
காற்றும் கூடச் சேர
ஒரு கந்தகம் பிதுங்கி வெளியே வரும்.
வந்தது சும்மா இருக்காது,
அடுத்த கூட்டுக்குள் நுழையும்.
அங்கே இப்போது ஐந்து.
ஐந்தை அந்த வீடு தாங்காது,
ஒன்று வெளியேறும்.
வந்ததே போகவேண்டும் என்றில்லை,
பழையதில் எதுவோ ஒன்று.
எண்ணிப் பார்த்தால் மறுபடி நான்கும் நான்கும்தான்,
உட்கார்ந்த இடம் மட்டும் வேறு.
வெளியேறியது அதற்கடுத்த வீட்டுக்கு.
டவுனில் காலையில் சொன்ன சங்கதி
மத்தியானம் ஜங்ஷனுக்குப் போய்
விளக்கு வைக்குமுன் மேலப்பாளையம் சேருமே,
அந்த மாதிரி.
சிவப்பு உதிர்ந்து உதிர்ந்து
மஞ்சள் மாவு.

வாயால் சொன்னால் எவன் கேட்பான்?
புரோமினிலும் நைட்ரிக் அமிலத்திலும் கரைத்தேன்,
புகைக்கூண்டின் விசிறி பாதி வேகத்தில் இருமிக்கொண்டிருந்த நாளில்.
பேரியம் குளோரைடு, சொட்டுச் சொட்டாக.
அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கியது,
ராத்திரி முழுக்க அடியில் உட்கார்ந்தது.
வடித்து, சுட்டு, ஆறவைத்து நிறுத்தேன்.
இரண்டாம் முறையும்.
முதலிரண்டை நம்பாமல் மூன்றாம் முறையும்.

தாளகமென்றால் நூற்றுக்கு முப்பத்தொன்பது கந்தகம் வரவேண்டும்.
வந்தது முப்பது.

முப்பது.
காகிதத்தில் எழுதி வைத்து
டீ ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருஷம் சிவப்பாக இருந்தது
இந்த வருஷம் மட்டும் ஏன்?
கிடங்குக்குப் போனேன்.
ஜன்னலுக்கு வெளியே அடிமரம்,
மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.
சாலையை அகலமாக்கப் போன ஐப்பசியில் வெட்டிய மருது.
அன்றிலிருந்து காலை ஏழு முதல் பத்துவரை
நேராக மூன்றாவது தட்டில் வெயில்.

படிவத்தில் ஒரு கட்டம்:
மாற்றத்துக்குப் பொறுப்பானவர் பெயர், பதவி.
வெயில் என்று எழுதினேன். அடித்தேன்.
நெடுஞ்சாலைத் துறை என்று எழுதினேன்.
அதையும் அடித்து
வேறு படிவம் வாங்கி
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

மெமோ ரத்தான செய்தியைச் சொன்னபோது
சொரிமுத்து சிரிக்கவில்லை.
"அது திரும்பச் சிவப்பாகுமா?"
மூடிய குழாயில் பக்குவமாகச் சூடேற்றினால் ஆகும் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"வேண்டாம் மேடம்.
மஞ்சளுன்னு இப்பத்தான் திருத்தியிருக்கு.
பெறவு செவப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க
அதுக்கொருத்தன் வருவான்."

குப்பியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டினோம்.
ஒட்டும்போது பார்த்தேன்:
மாவுக்குள், சுண்டுவிரல் நகமளவு,
ஒரு துண்டு இன்னும் சிவப்பாகவே இருந்தது.
அறிக்கை அனுப்பியாகிவிட்டது.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.